ஆல்ட்டோ வராவிட்டால்

என் கிளாரினெட் இசைத்தாளில் பெரிய நோட்டுகளைவிடச் சின்ன நோட்டுகள்தான் இப்போது அதிகம். வெளியூர்க்காரர் யாராவது எட்டிப் பார்த்தால் அச்சடித்தவனுக்குக் கண் சரியில்லை என்று நினைப்பார். எங்கள் சர்ச் பேண்டில் அதற்கு அர்த்தம் உண்டு. பெரிய நோட்டு நான் வாசிக்க வேண்டியது. சின்ன நோட்டு, ஊரில் இல்லாத ஒருவர் வாசிக்க வேண்டியது. அவர் வந்து உட்கார்ந்துவிட்டால் நான் மூச்சை அடக்கிக்கொண்டு என் இடம் வரும்வரை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அவர் வரவில்லையென்றால் அவருக்குப் பதிலாக நான் வாசிக்க வேண்டும்.

மற்ற ஊர் பேண்டுகளிலும் சின்ன நோட்டு உண்டு. ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் வாத்தியக்காரர், தான் நுழைய வேண்டிய இடம் தெரியாமல் முழிக்கக் கூடாது என்று, பக்கத்து வாத்தியம் வாசிப்பதைப் பொடியாகப் போட்டுக் கோடி காட்டுவார்கள். எங்கள் கோலார் தங்கவயலில் அது வேறு மாதிரி வளர்ந்துவிட்டது. சுரங்கத்தை மூடியபின் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பெங்களூர், சென்னை, கல்ஃப், அதற்கும் அப்பால். ஆனால் டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் பாதிப் பேர் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். யார் வருவார், யார் கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை என்பார் என்பது கேரல் சர்வீஸ் அன்று சாயங்காலம்தான் தெரியும். அதனால் போனவருடைய பங்கை நாங்கள் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிட மாட்டோம். பக்கத்து நாற்காலிக்காரரின் தாளில் சின்னதாக எழுதி வைப்போம். அவருடைய சொந்தத் தாள் சர்ச் அலமாரியில் அப்படியே இருக்கும்.

எழுதுகிற வேலை என்னுடையது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று யாரோ ஒருமுறை சொல்லித் தொலைத்தார்கள், அன்றைக்கு மாட்டிக்கொண்டவள்தான். முதலில் மெல்லிய முனைப் பேனாவால் எழுதினேன். சில வருஷங்களாகக் கணினியில் ஒரு நொட்டேஷன் மென்பொருள். பெங்களூரில் வேலை, தினமும் ரயில். போகும்போது ஜன்னலோரம் கிடைத்தால் மடியில் லேப்டாப்பைத் திறந்துவிடுவேன். எதிரே இருக்கிறவர்கள் சீட்டாடுவார்கள், எனக்குப் பக்கத்தில் இருக்கிறவர் தூங்கி என் தோள்மேல் விழுவார், நான் ஐந்து கோடுகளின் மேல் புள்ளி வைத்துக்கொண்டிருப்பேன். "இன்னா மேடம், கோலம் போடுறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

உங்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் என் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது.

பேண்ட் வாத்தியங்களில் பாதி, தாளில் ஒன்றைப் படித்துவிட்டு வேறொன்றை ஊதும். என் கிளாரினெட்டில் நான் ஸி என்று படித்து ஊதினால் வருவது பி பிளாட். ஆல்ட்டோ சாக்ஸபோனில் அதே பி பிளாட் வர வேண்டுமென்றால் தாளில் ஜி என்று எழுதியிருக்க வேண்டும். சத்தம் ஒன்று, எழுத்து மூன்று. இப்படி ஏன் வைத்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், எனக்கு ஒன்றும் சரியாகப் படவில்லை. ஆனால் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே ஆல்ட்டோவின் பங்கை என் தாளில் சின்ன நோட்டாக ஏற்ற வேண்டுமென்றால் அப்படியே பார்த்து எழுதக் கூடாது. ஒவ்வொரு நோட்டையும் அதன் எழுத்திலிருந்து என் எழுத்துக்கு மாற்றியாக வேண்டும். பேனாக் காலத்தில் விரல் விட்டு எண்ணி மாற்றுவேன். பத்தில் ஒன்று தப்பும்.

மென்பொருள் வந்தபின் அந்தப் பாடு இல்லை. ஆல்ட்டோவின் வரிகளை நகலெடுத்து கிளாரினெட் வரியில் ஒட்டினால் அதுவே மாற்றிக்கொள்கிறது. அளவைச் சின்னதாக்க வேண்டும். கணினி வாசித்துக் காட்டும்போது இரண்டு பேர் வாசிப்பதுபோல் கேட்காமலிருக்க அந்த நோட்டுகளை ஊமையாக்க வேண்டும். மேலே ஒரு வரி எழுத வேண்டும்: "ஆல்ட்டோ வராவிட்டால்." அவ்வளவுதான்.

இன்னொரு வசதியும் உண்டு. கீழே ஓரத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் எல்லா வாத்தியங்களும் தங்கள் எழுத்தை விட்டுவிட்டு, காதில் விழுகிற நிஜ சுருதியில் திரையில் நிற்கும். எங்கே இடிக்கிறது, எங்கே ஒத்துப்போகிறது என்று ஒரே பார்வையில் தெரியும். நான் எப்போதும் அதை அழுத்தி வைத்துக்கொண்டுதான் வேலை செய்வேன். தாளை வெளியே எடுக்கும்முன் மறுபடி அழுத்தி, அவரவர் எழுத்துக்குத் திருப்பிவிட வேண்டும்.

ஆல்ட்டோ சாக்ஸ் என் தங்கை.

எனக்கும் அவளுக்கும் ஆறு வயசு வித்தியாசம். பேண்டில் எனக்கு இடது பக்கம் அவள். இரண்டு பேருக்கும் ஒரே ஸ்டாண்டு, அதில் இரண்டு தாள். நான் அவசரப்பட்டால் செருப்புக் காலால் என் கணுக்காலில் ஒரு உதை விடுவாள். சர்ச் என்று பார்க்கமாட்டாள். நான் திட்ட முடியாது, வாயில் கிளாரினெட் இருக்கும். அந்த உதைகளுக்குப் பழிவாங்கவே சில இடங்களில் நான் வேண்டுமென்று அவசரப்படுவதாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

எங்கள் கேரல்களில் ஒன்று உண்டு, அதில் இரண்டாம் சரணம் முடிந்ததும் எல்லோரும் நிறுத்திவிடுவோம். யூஃபோனியம் என்கிற பெரிய பித்தளை வாத்தியம் மட்டும் அடியில் மெதுவாக நிற்கும். அதன்மேல் ஆல்ட்டோ தனியாகப் பதினாறு பார், அதாவது பதினாறு தாளக் கட்டம், வாசிக்கும். பெரிய வித்தை ஒன்றுமில்லை, சாதாரண மெட்டுதான். ஆனால் அவள் அதை வாசிக்கும்போது பின் வரிசைப் பிள்ளைகள்கூடச் சும்மா இருப்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணாமல் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு என் இடத்தைக் கோட்டை விட்டதும் உண்டு.

நர்ஸ் படித்தாள். கல்யாணம் ஆனது. நியூசிலாந்துக்குப் போனார்கள். போவதற்கு முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தன் தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். "சின்னதா எழுதி வெச்சுக்கோக்கா, வந்து வாங்கிக்கிறேன்" என்றாள். எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்தப் பதினாறு பாரை என் தாளில் ஏற்றினேன். அழுதேன். ஊரில் எனக்குக் கடுகடுப்புக்காரி என்று பேர், சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இரண்டு இடத்தில் மை கலைந்து மறுபடி எழுதினேன்.

முதல் கிறிஸ்மஸுக்கு அந்தப் பதினாறு பாரை வாசித்தபோது யாரோ விட்டுப்போன சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. எப்போது முடியும் என்று வாசித்தேன். இரண்டாவது வருஷம் பரவாயில்லை. நாலாவது வருஷம், சொல்லத்தான் வேண்டும், நவம்பர் பிறந்ததுமே அந்த இடத்தை நினைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். பேண்ட் மாஸ்டர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், பாராட்டு என்றால் காசு கேட்டதுபோல் முகம் சுளிப்பவர். அவரே ஒருநாள், "உன் சோலோ இந்த வாட்டி நல்லா வந்துச்சும்மா" என்றார். என் சோலோ! அது ஆல்ட்டோவுடையது என்று நான் திருத்தியிருக்க வேண்டும். தேங்க்ஸ் சார் என்றேன்.

இதோடு கூடவே அவளுக்காக ஏங்கவும் செய்தேன். இரண்டும் ஒரே மனசில் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, இருந்தது. வீடியோ காலில் முகம் தெரியும், பேசுவோம், சிரிப்போம். ஆனால் பக்கத்தில் ஒருவர் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டு நாமும் இழுக்கிறோமே, அது போனில் வராது. என் இடது பக்க நாற்காலியில் வருஷத்துக்கு ஒருவர் உட்கார்ந்தார்கள். யாரும் என்னை உதைக்கவில்லை. நடுவில் ஒருமுறை அப்பா தவறிவிட்டதற்கு வந்தாள். அது ஜூன் மாதம், பத்து நாள் இருந்தாள், வாத்தியத்தைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லை.

அப்படி ஒன்பது கிறிஸ்மஸ் போனது. பத்தாவது வருஷம் செப்டம்பரில் ஒருநாள் காலை கூப்பிட்டாள்.

"டிக்கெட் போட்டுட்டோம்க்கா. டிசம்பர் வரோம்."

நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து, "ஏன், அங்க வெரட்டிட்டாங்களா?" என்றேன்.

"வாசிக்கணும்க்கா. எங்க பெரியவ ஸ்கூல்ல ஒரு ஆல்ட்டோ சும்மா கெடந்துச்சு, கேட்டேன், குடுத்துட்டாங்க. உதடெல்லாம் மரத்துப்போச்சு. தாளை அனுப்பு. இப்பவே ஆரம்பிச்சாதான் முடியும்."

அலமாரியில் இருந்த அவளுடைய பழைய தாள் பொடிந்து போயிருந்ததால், மறுநாள் ரயிலில் உட்கார்ந்து அவளுக்குப் புதிதாக ஒன்று தயார் செய்தேன். அவ்வளவு ஆசையாக எந்தத் தாளையும் செய்ததில்லை. பதினாறு பாரும் பெரிய நோட்டாக, மூச்சு விடும் இடங்களில் வரி உடையாமல், பக்கம் திருப்பும் தொந்தரவு இல்லாமல் ஒரே பக்கத்தில் வருகிற மாதிரி இழுத்து அடுக்கினேன். தலைப்பில் "ஆல்ட்டோ சாக்ஸபோன்" என்று பெரிதாகப் போட்டேன். பங்காருபேட்டை நெருங்கிவிட்டது, கூட்டம் ஏறப்போகிறது, அப்புறம் லேப்டாப்பைத் திறந்து வைக்க முடியாது, அந்தப் பக்கம் நெட்டும் சரியாகக் கிடைக்காது. அவசரமாக வெளியே எடுத்து அனுப்பினேன். "வந்துடுச்சுக்கா" என்று பதில் வந்தது. மூடி வைத்துவிட்டு அலுவலகம் போய்ச் சேரும்வரை ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனேன்.

பொத்தானை எடுத்துவிடவில்லை.

அக்டோபரில் பேசும்போது அவள் சொன்னாள், "ரொம்பக் கீழயே கெடக்குதுக்கா. கடைசி லைன்ல அடி நோட்டு எடுக்கச்சொல்ல மூச்சு முட்டுது. முன்னாடி இவ்ளோ கீழ போவலியே?"

"நாப்பது தாண்டிடுச்சில்ல, மூச்சு அவ்ளோதான் இருக்கும்."

"ஏய், நெஜமாத்தான் கேக்கறேன்."

"அங்க போயி எல்லாத்தையும் மறந்துட்டே, போ. பிள்ளைங்களுக்குப் பால் காய்ச்சத்தான் லாயக்கு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த ஒரு நிமிஷம் நான் லேப்டாப்பைத் திறந்து பார்த்திருக்கலாம். கேலி பண்ணுவதில் இருந்த ருசி என்னை விடவில்லை. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் கராஜில் நின்று தினமும் வாசிப்பதாகவும், டியூட்டிக்கு ஓடுவதாகவும் மட்டும் சொல்வாள்.

டிசம்பர் மூன்றாம் வாரம் வந்து இறங்கினார்கள். இரண்டு பிள்ளைகளும், சுரங்கக் கழிவு மண் கொட்டிக் குவிந்த சயனைடு மேட்டைப் பார்த்து மலை என்றார்கள். ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் ஸ்டாரும் சீரியல் லைட்டும் வாங்கினோம். தெருவெல்லாம் ஊர் திரும்பியவர்கள், நாலடிக்கு ஒருவர் நிறுத்தி விசாரித்தார்கள். அங்கேயே ஜெராக்ஸ் கடையில் பேண்ட் முழுவதற்கும் தாள் எடுத்தேன். அவளுக்கு மட்டும் எடுக்கவில்லை. "என்னுதுல பென்சில்ல எல்லாம் குறிச்சு வெச்சிருக்கேன், அதுவே போதும்" என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஒத்திகை. சர்ச் அலமாரியிலிருந்து பேண்டுடைய ஆல்ட்டோவை எடுத்துத் துடைத்து, அங்கிருந்து கொண்டுவந்த தன் மௌத்பீஸை மாட்டினாள். என் இடது பக்கம் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் கவரிலிருந்து தாளை எடுத்து ஸ்டாண்டில் என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூச்சு எடுக்கும் இடத்திலெல்லாம் பென்சில் டிக், ஓரத்தில் சின்ன மகள் ஒட்டிய மீன் ஸ்டிக்கர்.  இதற்குத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று நினைத்தேன்.

இரண்டாம் சரணம் முடிந்தது. நாங்கள் நிறுத்தினோம். யூஃபோனியம் நின்றது. அவள் மூச்சு இழுத்தாள், நான் அதைக் கேட்டேன்.

முதல் நோட்டே இடித்தது. ஏதோ ஈரம் கோத்த வாத்தியம் என்று நினைத்தேன். இரண்டாவது நோட்டு வந்ததும் தெரிந்துவிட்டது. கண்ணைத் திருப்பி அவள் தாளைப் பார்த்தேன். வரியின் தலையில் ஒரு ஷார்ப் குறி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பிளாட் குறி. அது அவளுடைய எழுத்தில்லை, நிஜ சுருதி. அதை அவள் தன் வாத்தியத்தில் படித்து ஊத, மொத்த மெட்டும் எங்களை விட்டு விலகி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. கீழே கிடக்குது கீழே கிடக்குது என்று சொன்னாளே, கிடக்காமல் என்ன செய்யும்.

மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தினார். "மறுபடி எடும்மா." எடுத்தாள். மறுபடி இடித்தது. மௌத்பீஸின் நாணல் ரீடைச் சரி செய்தாள், மௌத்பீஸைத் தள்ளிச் சுருதி பார்த்தாள், பார்த்தபோது சுருதி சரியாகவே இருந்தது. மூன்றாம் தடவை நாலு பார் போனதும் தானே நிறுத்திவிட்டாள். காது மடல் சிவந்துவிட்டது. டிரம்பெட்காரர் ஒருவர் மேலே விட்டத்தைப் பார்த்தார்.

"ரொம்ப நாளாச்சில்லம்மா, பரவால்ல" என்றார் மாஸ்டர், ரொம்ப அன்பாக. பிறகு என்னைப் பார்த்தார். "இன்னிக்கு நீ எடு."

நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம்தான்: சார், தாள் தப்பு, நான் பண்ணினது. ஜெராக்ஸ் கடை அரை மணி தூரம். சரியான தாளை நீட்டினால் அவள் பார்த்த மாத்திரத்தில் வாசித்திருப்பாள், மெட்டு அவளுக்கு ரத்தத்தில் இருந்தது. சர்வீஸுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. எல்லாம் தெரிந்தும் என் வாய் திறக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் தப்பை ஒப்புக்கொள்ள வெட்கம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம் பாதி. மீதிப் பாதி, மாஸ்டர் "நீ எடு" என்றதும் எனக்குள்ளே ஏதோ ஒன்று நிம்மதியாக உட்கார்ந்தது. கிளாரினெட்டை எடுத்தேன். சின்ன நோட்டுகளை வாசித்தேன். அன்றைக்கு நன்றாகவே வாசித்தேன்.

முடிந்தபோது அவள் சாக்ஸைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். "அக்காவே வாசிக்கட்டும் சார்" என்றாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஸ்டேஷன் தாண்டியதும் அவளே பேசினாள். "காது போயிடுச்சுக்கா. தப்பா வாசிக்கிறேன்னு தெரியுது, எங்க தப்புன்னு தெர்ல."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, வா" என்றேன்.  ஒருநாள் சொல்லாமல் விட்டது மறுநாள் இரண்டு மடங்கு கனத்தது. பிளம் கேக் அறுத்தோம், பிள்ளைகளுக்குத் துணி எடுத்தோம், பூதிகோட்டையிலிருந்து உறவுக்காரர்கள் வந்து போனார்கள். சொல்ல எத்தனையோ இடைவெளி கிடைத்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனேன்.

கேரல் சர்வீஸ் அன்று அவள் மூன்றாம் வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். பதினாறு பார் வந்தபோது போனைத் தூக்கி என்னை வீடியோ எடுத்தாள். அந்தச் சின்ன வெளிச்சம் எனக்குத் தெரிந்தது. விரல்கள் தானாகப் போயின, காதில் ஒன்றும் விழவில்லை. முடிந்ததும் ஓடிவந்து கட்டிப்பிடித்து, "சூப்பர்க்கா" என்றாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் காலை. கட்டில்மேல் பெட்டி திறந்து கிடந்தது. துணிகளுக்கு நடுவில் அந்த பிளாஸ்டிக் கவரை அலுங்காமல் வைத்தாள்.

"அது எதுக்குடி?" என்றேன்.

"அங்க போயி மறுபடி வாசிக்கப்போறேன். இந்த வாட்டி விட்டுட்டேன். அடுத்த வாட்டி வரச்சொல்ல ஒழுங்கா வாசிக்கணும்ல."

இன்னும் ஒரு வருஷம், இன்னும் இரண்டு வருஷம், அவள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு கராஜில் நின்று ஊதிக்கொண்டிருப்பாள். இதற்குமேல் என்னால் முடியவில்லை. லேப்டாப்பைக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தேன். அவளுடைய தாளைத் திரையில் திறந்தேன். பொத்தான் அழுத்தியபடியே இருந்தது. "இங்க பாரு" என்று சொல்லி அதை எடுத்துவிட்டேன். அத்தனை நோட்டுகளும் ஒரே நொடியில் மேலே ஏறி உட்கார்ந்தன. இரண்டு பிளாட் போய் ஒரு ஷார்ப் வந்தது.

அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கவரிலிருந்து தாளை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். முதல் வரியை விரலால் காற்றில் அமுக்கிப் பார்த்தாள், அவளுடைய பழைய விரல்கள். முகத்தில் முதலில் ஒரு சந்தோஷம் வந்தது. காது போகவில்லை என்கிற சந்தோஷம். அதை நான் பார்த்தேன். அது அடங்கியபின்தான் என்னைப் பார்த்தாள்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். இன்று காலை என்றிருக்கலாம்.

"ஒத்திகைல. நீ ரெண்டாவது நோட்டு ஊதச்சொல்லவே."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு உதையாவது விடுவாள் என்று நினைத்தேன், விட்டிருந்தால் நன்றாயிருக்கும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வெளியே அவள் பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு இங்கிலீஷும் கன்னடமும் கலந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மூணு மாசம் வாசிச்சேன்க்கா," என்றாள் மெதுவாக. "கராஜ் கதவை மூடிக்கினு. நல்லாத்தான் இருந்துச்சு, தெரியுமா? தனியா வாசிக்கச்சொல்ல ஒரு தப்பும் தெரியல. அந்த மெட்டு அப்படியே வந்துச்சு. நம்ம சர்ச்சு, நீ பக்கத்துல, எல்லாம் தெரிஞ்சுது. சில நாள் டியூட்டிக்கு லேட்டாப் போயிருக்கேன். இங்க வந்து உங்களோட சேந்து வாசிக்கச்சொல்லதான் தப்பாப்போச்சு."

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டேன் என்றுதான் நினைவு, என்ன வார்த்தை சொன்னேன் என்று தெரியாது. "சரிக்கா, விடு" என்றாள். தாளை இரண்டாக மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் பிள்ளைகளின் துணியை மடிக்க ஆரம்பித்தாள். நானும் எதிர்ப்பக்கம் நின்று மடித்தேன். மறுநாள் விடியற்காலை கார் வந்தது. கட்டிப்பிடித்து அழுதோம், எப்போதும் போல. அவள் எப்போதும் போல அழுதாளா என்று இப்போது எனக்குச் சந்தேகம்.

அவள் ஊர் போய்ச் சேர்ந்த வாரமே சரியான தாளை எடுத்து அனுப்பிவிட்டேன். அனுப்பும்முன் மூன்று தடவை பார்த்தேன். "வந்துடுச்சுக்கா" என்று பதில் வந்தது, அவ்வளவுதான். அதன்பின் வாரம் தவறாமல் பேசுகிறாள். மழை பெய்தது, சின்னவளுக்குப் பல் விழுந்தது, வேலையிடத்தில் ஒரு பாட்டி தமிழில் பேசச் சொல்லிக் கேட்கிறது, எல்லாம் சொல்கிறாள். வாத்தியத்தைப் பற்றி மட்டும் பேச்சு வருவதில்லை.

எனக்கோ வேறு ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. ரயிலில் அந்தத் தப்புத் தாளைத் திறந்து, கணினியை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். அவள் ஊதிய சுருதியிலேயே வைத்துக் கேட்கிறேன். மெட்டு சரியாகத்தான் இருக்கிறது, அவள் சொன்ன மாதிரி ஒரு தப்பும் தெரியவில்லை. ஆனால் கணினிக்கு மூச்சு இல்லை. பென்சிலால் டிக் போட்ட இடங்களில் அது நிற்காமல் போகிறது. யாருமில்லாத கராஜில் கதவை மூடிக்கொண்டு, எங்களையெல்லாம் நினைத்து, என் தங்கை அதை எப்படி வாசித்திருப்பாள்? வேறு எதையும்விட அதைத்தான் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. சர்ச்சில் அவள் சரியாக வாசித்த அத்தனை வருஷங்களைக் கொடுத்துவிட்டு அந்த ஒரு காலையை வாங்கிக்கொள்வேன்.

மூன்று மாதம் இதை மென்று விழுங்கிக்கொண்டிருந்துவிட்டு, போன ஞாயிறு கேட்டேவிட்டேன். பேச்சோடு பேச்சாகக் கேட்க நினைத்தது, கெஞ்சலாக வந்தது.

"ஏய், ஒரே ஒரு வாட்டி. நான் முதல்ல அனுப்பின அந்தத் தப்புத் தாளு, அதையே வாசிச்சுக் காட்டேன். போனை அப்படியே பக்கத்துல வெச்சுட்டு வாசி. நான் ஒண்ணும் பேசமாட்டேன்."

 அவள் மூச்சு இழுக்கிற சத்தத்துக்காகக் காதை வைத்துக் காத்திருந்தேன்.

"சாக்ஸை ஸ்கூல்ல திருப்பிக் குடுத்துட்டேன்க்கா," என்றாள். "இங்க திரும்பி வந்த வாரமே."